மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு சிரிப்பு

பெனிட்டாவின் சிரிப்பு முதன்முதலில் கேட்டது ஜபருல்லா பாயின் டீக்கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில். அந்த நேரத்தில் பெனிட்டா டீக்கடையில் இல்லை. நான்கு தெரு தள்ளி, சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில், தன் வீட்டு வாசற்படியில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுச் சேவல் துணிக்கொடியில் ஏறி நிற்கப் பார்த்துத் தலைகுப்புற விழுந்ததைக் கண்டு, வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அமலோற்பவம் அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஆம்பூருக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்களே, அதில் ஏதோ ஆகிவிட்டதோ என்று அமலோற்பவம் பயந்தாள். பேசச் சொன்னாள், பெனிட்டா பேசினாள். பாடச் சொன்னாள், பாடினாள். மாத்திரை கசக்கிறது என்று அழுதபோது அழுகை மூன்று வீடு தாண்டிக் கேட்டது. சிரிப்பு மட்டும், டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதுபோல, வாயும் பல்லும் கன்னமுமாக வந்து போனது.

சாயங்காலம் பால் வாங்கப் போனபோது ஜபருல்லா பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே, மத்தியானம் கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அமலும்மா, உன் பொண்ணு காலைல நம்ம கடைல சிரிச்சா."

"அவ வீட்லதான் இருந்தா பாய்."

"அது தெரியும்மா. சிரிப்பு மட்டும்தான் வந்திச்சி. அந்தச் சக்கரை டப்பா இருக்குதே, அந்தப் பக்கமா. நல்லா இருந்திச்சி." கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "நம்ம நூத்தம்பது ரூபா போட்டமில்ல, அதுக்குத்தான் போல."

அமலோற்பவம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மெஷினில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். கணவன் லாரி ஓட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய், அங்கே வேறொரு குடும்பத்துக்கு வீட்டுக்காரனாகி நாலு வருடம் ஆகிறது. பெனிட்டாவுக்கு இதயத்தில் ஓட்டை என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது, ஏழு லட்சம் என்ற வார்த்தையை அவள் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். இரண்டாவது முறையும் அது ஏழு லட்சமாகவே இருந்தது. அப்போதுதான் வார்டுக்கு வெளியே, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய தருண் என்ற பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இன்டர்நெட்டில் ஊர் உலகத்தையெல்லாம் கேட்டுச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தரும் கம்பெனி அவனுடையது. மரியாதையான பையன். அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தான்.

"நீங்க எதுவும் பண்ண வேணாம்க்கா. ஒரு சின்ன வீடியோ. நீங்க பாப்பாவைப் பாத்துக்கிட்டே இருந்தா போதும்."

அந்தச் சின்ன வீடியோவை ஐந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. காரணம் பெனிட்டா. உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடந்தாலும் கேமராவைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "பாப்பா, சிரிக்கக் கூடாதுடா தங்கம், கொஞ்ச நேரம்தான்," என்று தருண் கெஞ்சினான். ஐந்தாவது தடவை அவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். அது சரியாக வந்தது. அதற்குமேல் பெரிய எழுத்தில் அவன் தலைப்புப் போட்டான்: பெனிட்டா மறுபடி சிரிக்க உங்கள் கை வேண்டும்.

கைகள் வந்தன. டொராண்டோவில் ஒரு பல் டாக்டர் போட்டார். பினாங்கில் தையற்கடை வைத்திருந்த ஒரு விதவை போட்டாள். துபாயில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் தங்கியிருந்த ஒன்பது பேர் ஆளுக்குப் பத்து திர்ஹம் போட்டார்கள். ஆம்பூரில் தையல் செக்ஷன் முழுக்க ஆளுக்கு இருபது ரூபாய் போட்டது. பங்குச் சாமியார் உண்டியலிலிருந்து போட்டார். நகராட்சியில் தெருப் பெருக்குகிற பூங்காவனம், போனில் அன்று இருந்தது அவ்வளவுதான் என்பதால், பதினோரு ரூபாய் போட்டாள். ஒன்பதாம் நாள், மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள் போட்ட பணத்தோடு தொகை நிறைந்தது. பத்தாம் நாள் பெனிட்டாவின் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். குழந்தை பிழைத்தது. அதை அமலோற்பவம் பிற்பாடு எந்தக் கசப்பிலும் ஒருநாளும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே விவரம் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, தண்ணீர் வண்டி வருகிற நேரம் மாறினால் குடத்தை எடுத்துவைக்கிற நேரமும் மாறுவதுபோல, சிரிப்புக்குத் தகுந்தபடி அவரவர் வேலையை மாற்றிவைத்துக்கொண்டார்கள். இருபது ரூபாய் போட்டவர்கள் வீட்டில் சிரிப்பு பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மெல்லக் கேட்டது. இரண்டாயிரம் போட்ட சூப்பர்வைசர் சம்பத்தின் ஹாலில், குழந்தை சோபாவிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் மூச்சு வாங்குவது வரைக்கும் கேட்டது. கோயிலில் ஞாயிறு பூசையில் காணிக்கை நேரத்தில் பீடத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தபோது, சாமியார் ஜெபத்தை நிறுத்தி, அது முடிகிறவரை தலைகுனிந்து நின்று, பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். மைக்கில் பத்தாயிரம் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட வார்டு கவுன்சிலர் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஏதேதோ சாக்கு வைத்துக்கொண்டு ஆட்கள் அவர் ஹாலில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் மனைவி சமையற்கட்டில் ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். பைபாஸ் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் 'சிரிப்பு வரும் வீடு' என்று போர்டு எழுதி வாடகையில் ஐந்நூறு ஏற்றினார். அந்த வாடகைக்கும் ஆள் வந்தது. துபாய் அறையில் ஒன்பது பேருக்கும் சேர்ந்து ஒரே சமயத்தில் ஒன்பது பங்காக வந்ததால், பள்ளிக்கூடம் விட்டதுபோல இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்களாம். அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் டிக்கெட் எடுத்து ஊர் திரும்பிவிட்டார்களாம்.

இவ்வளவும் அமலோற்பவத்தைத் தேடி வந்து சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். மெஷினில் தலை குனிந்திருக்கும்போது பக்கத்து மெஷின்காரி தோளைத் தட்டி, "நேத்து சாயங்காலம் சிரிச்சா பாரு, எங்க மாமியாருக்கே சிரிப்பு வந்துடுச்சி," என்பாள். அமலோற்பவம் தலையாட்டுவாள். தையல் கோணும். கோணிய தோலைப் பிரித்து மறுபடி தைப்பாள்.

மூன்றாம் வாரம் தருண் போன் செய்தான்.

"அக்கா, பாப்பா நல்லா இருக்காளா? எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. ஒரே ஒரு ரிக்வெஸ்ட். நீங்க காலைல ஏழு மணின்னா கனடாவுல தூங்கற நேரம். அதனால தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு தடவை சிரிச்சா எல்லா ஊருக்கும் ஒத்து வரும். கட்டாயம்லாம் இல்ல."

"எனக்குக் கேக்கலப்பா," என்றாள் அமலோற்பவம்.

"என்னதுக்கா?"

"எம் பொண்ணு சிரிக்கிறது. எல்லாருக்கும் கேக்குதுன்றாங்க. எனக்குக் கேக்கல."

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் வந்தது. "நீங்க போடலையேக்கா," என்றான் தருண், வருத்தமாகவே.

மறுநாள் அவள் சம்பள முன்பணம் ஐந்நூறு வாங்கி, கம்பெனி வாசலில் நின்று, போனில் தன் மகளின் பக்கத்தைத் திறந்து பணத்தைப் போடப் பார்த்தாள். நன்றி, தொகை நிறைந்துவிட்டது, வேறு குழந்தைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பக்கம் சொன்னது. மறுபடி போன் செய்தபோது தருண் விதியைச் சொன்னான்: உதவி வாங்குகிற குடும்பம் அதிலேயே பணம் போட முடியாது. வேண்டுமானால் யாராவது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் மாற்றித் தரலாம். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை.

யாரிடம் கேட்பது என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். சம்பத்தின் இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்க அவளிடம் வழியில்லை. ஜபருல்லா பாயின் மனைவி மூட்டுவலியில் படுத்தே கிடப்பவள். சிரிப்பு கேட்கட்டும் என்று பாய் இப்போது அவளைக் கடையிலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார். அமலோற்பவத்தால் திருப்பிக் கொடுக்க முடிந்தது பதினோரு ரூபாய்தான். அவள் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனாள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. பூங்காவனம் வேலை முடிந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கேஸ் அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். சுமதி, ஆறாவது படித்தாள், மூன்று வருடத்துக்கு முன்னால் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

"அக்கா, உன் பதினோரு ரூபாய எனக்குக் குடுத்துடு. நான் நூறாத் தரேன். ஐந்நூறு வேணாலும் தரேன்."

பூங்காவனம் பக்கத்தில் தரையைக் கையால் துடைத்தாள். "இன்னா அமலு இப்பிடிக் கேக்குற," என்றாள். "ஒக்காரு. அஞ்சரை ஆவப் போவுது."

அஞ்சரைக்கு, கேஸ் அடுப்புக்கும் அரிசி டின்னுக்கும் நடுவிலிருந்து, அது வந்தது. மெலிதாகத்தான் வந்தது, பதினோரு ரூபாய்க்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான். ஆனால் அமலோற்பவத்துக்கு அது போதும். ஆரம்பத்தில் மூக்கால் ஒரு சின்ன உறுமல், பிறகு மளமளவென்று படியிறங்கி ஓடுவதுபோல் ஒரு ஓட்டம், கடைசியில் ஒரு விக்கல். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் பூங்காவனம் கண்ணை மூடி, "போதும்டி சுமதி, பொரை ஏறப் போவுது," என்று முணுமுணுத்துவிட்டு, சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"வாய் தவறிடுச்சி," என்றாள்.

"பரவால்லக்கா."

நான்கு நாள் அமலோற்பவம் அந்த நேரத்துக்கு அங்கே போனாள். போகும்போது பெனிட்டாவை, அஞ்சரைக்கு டிவியில் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கட்டும் என்று, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். கண்ணால் வேண்டுமென்றால் தன் வீட்டில் இருக்க வேண்டும். காதால் வேண்டுமென்றால் பூங்காவனத்தின் அறைக்கு ஓட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வழியே இல்லை. ஒருமுறை பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று நினைத்துக் கூட்டிக்கொண்டும் போனாள். பிள்ளை அந்த அறையில் உட்கார்ந்து சிரித்தபோது, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை; ஆள் இருக்கிற இடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பூங்காவனம் பிள்ளைக்கு முறுக்கு கொடுத்தாள், தலையைத் தடவினாள், ஆனால் முகம் இருண்டிருந்தது.

மறுநாள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அமலு, கோச்சிக்காத. நீ இனிமே வர வேணாம்."

"ஏங்க்கா?"

"நீ இருந்தா அது உம் பொண்ணு சிரிப்பாட்டம் கேக்குது."

அமலோற்பவம் திரும்பி நடந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளைகள் கேட்பதுபோல, ஒரு முன்னுரையும் இல்லாமல் கேட்டாள். "உனக்குக் காது கேக்காதாம்மா? நான் சிரிச்சா?"

"மத்ததெல்லாம் கேக்குதுடி."

பிள்ளை யோசித்தது. "அப்ப நான் சிரிக்க மாட்டேன்," என்றது.

அன்றிலிருந்து பெனிட்டா சிரிக்கவில்லை. சேவலைப் பார்த்தும் சிரிக்கவில்லை, வகுப்பில் டீச்சர் நாற்காலியிலிருந்து வழுக்கியபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு நாள் ஊர் பொறுத்தது. மூன்றாம் நாள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் சம்பத் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வீட்டில் நல்ல சாப்பாடு போடுகிறாயா என்று கேட்டார். எட்டாம் நாள் டொராண்டோ பல் டாக்டர் எழுதிய கடிதத்தைத் தருண் படித்துக் காட்டினான். அதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஏமாற்றம் என்ற சொல் மட்டும் மூன்று முறை இருந்தது. பத்தாம் நாள் யாரோ இணையத்தில், அந்தப் பிள்ளைக்கு நோயே இருந்ததில்லை, எல்லாம் நடிப்பு என்று எழுதினார்கள். அதற்கு நானூறு பேர் ஆமாம் போட்டார்கள்.

பதினோராம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில் கூட்டம் கூடியது. சண்டைக்கு வந்தவர்கள் அல்ல. ஒருவர் கையில் பலூன், ஒருவர் கையில் சாவி கொடுத்தால் ஆடுகிற குரங்கு பொம்மை. தையல் செக்ஷன் முழுக்க வந்திருந்தது. தருண் சென்னையிலிருந்து கேக் வாங்கி வந்திருந்தான். ஜபருல்லா பாய் பின்னால் நின்றுகொண்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூங்காவனம் விளக்குக் கம்பத்தோடு ஒட்டி நின்றாள்.

பலூனுக்குப் பெனிட்டா சிரிக்கவில்லை. குரங்குக்கும் சிரிக்கவில்லை. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"நாங்க இன்னா காசையா திருப்பிக் கேக்குறோம்," என்றார் சம்பத். "குடுக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுத்தானே வாங்குன?"

"கும்பிட்டேன் சார்," என்றாள் அமலோற்பவம்.

"பாய், நீங்களாவது சொல்லுங்க."

ஜபருல்லா பாய் தொண்டையைச் செருமினார். "நான் குடுத்தது புள்ள உசுருக்கும்மா. சிரிப்புக்கில்ல. அல்லா அறிய." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆனா நம்ம வீட்டுக்காரி படுத்தே கெடக்கா. தினம் அஞ்சரைக்கு மணியைக் கேக்குறா. நான் இன்னா சொல்றது."

அமலோற்பவம் விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். பூங்காவனம் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், ரேஷன் கடை வரிசையில் கடைசியாக நிற்பவள்போல.

அமலோற்பவம் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டாள். நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடிய தழும்பில் கை படாமல், விலாவில் விரலை வைத்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"வேணாம்மா," என்றாள் பெனிட்டா.

"சிரிச்சிடுடி கண்ணு. குடுத்தவங்க."

பிள்ளை பல்லைக் கடித்தது, காலை உதைத்தது, தாயின் கையைக் கடித்தது. விரல்கள் நிற்கவில்லை. பிள்ளையின் வாய் திறந்தது. தோள் குலுங்கியது. வாசலில் நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்த கணமே, பால் பொங்கிவிட்டது என்று நினைவு வந்தவர்கள்போல், அவரவர் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். குரங்கு பொம்மை தெருவில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் தெரு காலியாகிவிட்டது. ஊர் முழுக்க ஜன்னல்களுக்குள்ளே மனிதர்கள் உட்கார்ந்து மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் சத்தமில்லாத அந்த வாயைப் பார்த்துக்கொண்டு, விரலை எடுக்காமல், மணி ஐந்தே முக்கால் ஆகிறவரை உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சிக்கலும் வரவில்லை. தினம் ஐந்தரைக்கு அது நடந்தது. பெனிட்டா பழகிக்கொண்டாள், சில நாள் விரல் படுவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டு, முடிந்ததும் எழுந்து வீட்டுப்பாடம் எழுதப் போனாள். சம்பத் அமலோற்பவத்துக்குத் தினமும் அரை மணி நேரம் முன்னால் போக அனுமதி கொடுத்தார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவள் போனுக்கு ஒரு இணைப்பு வந்தது. வங்காளத்தில் எங்கோ ஒரு ஊர். பாபுல் என்ற ஐந்து வயதுப் பையன், ஈரல் கெட்டுப்போனவன். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு தமிழிலும் வந்திருந்தது: பாபுல் மறுபடி சிரிக்க உங்கள் கை வேண்டும்.

அமலோற்பவத்துக்கு முதலில் தோன்றியது, அந்தப் பெண்ணிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பதுதான். தலைப்பை மாற்றச் சொல், சிரிப்பு என்று எழுதவிடாதே, மூச்சு என்று எழுது, கல்யாணம் என்று எழுது, வேறு எதையாவது எழுது. பக்கத்தின் அடியில் எழுதுவதற்கு இடம் இருந்தது. பணம் போட்டவர்களுக்குத்தான் அது திறக்கும். நூறு ரூபாய் போட்டாள். திறந்தது. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அக்கா, இந்தத் தலைப்பு வேண்டாம் என்று முடித்தாள்.

அனுப்புவதற்கு முன் தொகையைப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. நாலு நாள்தான் மிச்சம். மூச்சுக்கும் கல்யாணத்துக்கும் யார் கொடுப்பார்கள் என்று யோசித்தாள். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஆனால் போட்ட நூறு ரூபாய் போட்டதுதான். அதைத் திருப்பி வாங்கவும் ஒரு வழி இருந்தது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று போட்டிருந்தது. பையனுக்கு உதவட்டும் என்றுதான் அமுக்கவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த இருபத்துநான்கு மணி நேரமும் அவள் தன் வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று.

ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, பீரோவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை சிரித்தது. கரகரத்த, தடித்த சிரிப்பு. இந்த வீட்டுப் பிள்ளையின் சிரிப்பு அல்ல. அமலோற்பவம் கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கோ ஒரு மழை ஊரில், பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி மகனின் வாயையே பார்த்துக்கொண்டு, தன் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அது அமலோற்பவத்துக்குத் தெரியும். அவ்வளவு தெளிவாக வேறு யாருக்கும் தெரியாது.

"யாரும்மா அது?" என்றாள் பெனிட்டா.

"பாபுல்னு ஒரு பையன். பொழைச்சிட்டான்."

பெனிட்டா சுவரைப் பார்த்தாள். அந்தக் கரகரத்த சிரிப்பு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பெனிட்டாவின் உதடு கோணியது, கன்னம் உப்பியது, யாரும் தொடாமலேயே, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவள் வாய் தானாகத் திறந்தது. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் நேரம் கெட்ட நேரத்தில் அது கேட்டிருக்கும். இங்கே, திறந்த வாய்க்கும் சுவரிலிருந்து வந்த சத்தத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது, மோசமாக டப்பிங் செய்த படத்தில் இருப்பதுபோல.

அமலோற்பவம் தட்டைத் தள்ளிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மகள் சரியாகப் பீரோவுக்கு முன்னால் வருகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் கொஞ்சம் பொருந்தியது.